டாக்டரிடம் சொல்ல முடிகிற சட்டம் எது? கஞ்சா பற்றி மலையகத்திலிருந்து ஓர் ஒப்பீடு

கஞ்சாவைச் சட்டபூர்வமாக்க வேண்டுமா, கூடாதா என்று ஒரே மாதத்தில் இரண்டு பேர் எழுதிக் கேட்டிருந்தார்கள். ஒருவர் பண்டாரவளைப் பக்கம். அம்மாவுக்கு மார்பகப் புற்றுநோய். கீமோ ஏற்றிவிட்டு வந்த நாட்களில் வெந்நீர்கூட வயிற்றில் தங்குவதில்லையாம். வாட்ஸ்அப்பில் வந்த வீடியோ ஒன்றைப் பார்த்துவிட்டு, "இப்படி ஒரு மூலிகையை ஏன் தடுத்து வைத்திருக்கிறார்கள்?" என்று கேட்கிறார். மற்றவர் மஸ்கெலியாவில் ஓர் அண்ணன். தம்பிக்குப் பதினெட்டு வயது. சிவனொளிபாத மலை சீசனில் கடை வேலைக்குப் போன இடத்தில் தொற்றிய பழக்கம், இப்போது விடிந்ததும் வேண்டியிருக்கிறது. "தண்டனையைக் கூட்டினால்தானே இது நிற்கும்?" என்பது அவர் கேள்வி.

இரண்டு கேள்வியிலும் வலி இருக்கிறது, நியாயமும் இருக்கிறது. ஆனால் ஒரு கேள்விக்குப் பதிலாக வரும் சட்டம் மற்ற வீட்டிலும் போய் விழும். அதனால் இருவரையும் ஒரே திண்ணையில் உட்கார வைத்துத்தான் இதை எழுதுகிறேன்.

நான் டாக்டர் இல்லை. குடியாலும் போதையாலும் நொந்துபோன தோட்டக் குடும்பங்களோடு பதினொரு வருடமாக அலைகிறவள். இந்த விஷயத்தில் என் எண்ணத்தை மாற்றியது ஒரு காலைப்பொழுது. பொகவந்தலாவைப் பக்கத்து அம்மா ஒருவர் தன் மகனைக் கூட்டிக்கொண்டு ஆஸ்பத்திரி கிளினிக்குக்கு வந்திருந்தார். "இவன் ராவெல்லாம் தூங்கல, புள்ள. செவுத்துக்கு அந்தாண்ட யாரோ இவனத் திட்டுறாங்களாம்" என்றார். உள்ளே டாக்டர் நேராகவே கேட்டார்: "ஏதாவது குடிக்கிறாரா, புகைக்கிறாரா?" அம்மா இல்லை என்று தலையாட்டினார். வெளியே வந்து, பஸ் வரும்வரை நின்ற இடத்தில், சேலை முந்தானையில் முடிந்திருந்த ஒரு சரையை எடுத்து என்னிடம் காட்டினார். கணக்குக் கொப்பியின் கட்டம் போட்ட தாளில் மடித்த கஞ்சா. தாளின் ஓரத்தில் பிள்ளை எழுதிய வகுத்தல் கணக்கு பாதி தெரிந்தது. "இதச் சொன்னா புடிச்சிக் குடுத்துருவாங்கன்னு பயந்துட்டேன்" என்றார். அந்தப் பையனுக்குச் சரியான வைத்தியம் தொடங்க அதற்குப் பிறகு நான்கு மாதம் போனது.

## எதை வைத்து எடை போடுவது

அன்றிலிருந்து எந்த யோசனை வந்தாலும் நான்கு கேள்விகளை வைத்துத்தான் பார்க்கிறேன்.

முதலாவது, உண்மையிலேயே தேவைப்படும் நோயாளிக்கு மருந்து போய்ச் சேருமா. இரண்டாவது, பிள்ளைகளின் கைக்கு எட்டாமல் இருக்குமா. மூளை இருபத்தைந்து வயதுவரை முதிர்ந்துகொண்டிருக்கிறது, கஞ்சாவின் கேடு அதற்கு முன்னால்தான் அதிகம். மூன்றாவது, குடும்பத்துக்கு என்ன செலவு. மருந்து விலையை மட்டும் சொல்லவில்லை. வழக்குக்கு ஓடிய நாட்களில் போன பேர் (ஒரு நாள் கூலி), சட்டத்தரணிக்குக் கொடுத்த காசு, வெளிநாட்டு வேலைக்குக் கேட்கும் பொலிஸ் அறிக்கையில் விழுந்த கறை எல்லாம் இதில் சேரும். நான்காவதும் எனக்கு மிக முக்கியமானதும்: பாதிக்கப்பட்டவர் டாக்டரிடம் வாய் திறந்து உண்மையைச் சொல்ல முடியுமா?

## உடம்புக்குச் செய்யும் நன்மை, கேடு

சட்டத்துக்குப் போகுமுன் இதைத் தெளிவாகப் பேசிவிட வேண்டும். இரண்டு பக்கத்திலும் மிகைப்படுத்தல் அதிகம்.

கஞ்சாவில் போதை தருவது டி.எச்.சி. என்ற பொருள். போதை தராத இன்னொன்று சி.பி.டி. அமெரிக்காவின் தேசிய அறிவியல் கழகங்கள் 2017 இல் அதுவரை வந்த ஆய்வுகளை ஒன்றாகத் திரட்டிப் பார்த்தபோது, வலுவான சான்று மூன்று இடங்களில்தான் நின்றது: கீமோவால் வரும் குமட்டலும் வாந்தியும், பெரியவர்களின் நாட்பட்ட வலி, மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ் என்ற நரம்பு நோயில் வரும் தசை இறுக்கம். மறு வருடம் சி.பி.டி.யிலிருந்து செய்த எபிடியோலெக்ஸ் என்ற மருந்து, பிள்ளைகளுக்கு வரும் இரண்டு அரிய வகைக் கடும் வலிப்புகளுக்கு அங்கே அனுமதி பெற்றது. குமட்டலுக்கான டி.எச்.சி. மாத்திரை 1985 இலிருந்தே இருக்கிறது. ஆக, மருந்துக் குணம் இருப்பது பொய்யல்ல.

பொய் எது என்றால், கஞ்சா புற்றுநோயைக் கரைத்துவிடும் என்று சுற்றும் வீடியோக்கள். ஆய்வுக்கூடத்தில் கண்ணாடித் தட்டில் இருக்கும் செல் சாவது வேறு, மனித உடம்பில் கட்டி கரைவது வேறு. அந்த வீடியோவை நம்பி கீமோவைப் பாதியில் விட்டவர்களை எனக்குத் தெரியும். பண்டாரவளைச் சகோதரர் அந்தத் தவறைச் செய்துவிடக் கூடாது என்பதுதான் நான் இதை எழுத உட்கார்ந்ததற்குப் பாதிக் காரணம்.

கேட்டின் பக்கம் வருவோம். கஞ்சா பாவிப்பவர்களில் ஏறத்தாழ பதினொன்றில் ஒருவர் அதற்கு அடிமையாகிறார். பதின்ம வயதில் தொடங்கினால் அது ஆறில் ஒருவர். மனச்சிதைவோடு உள்ள தொடர்பு இன்னும் கவலைக்குரியது. 2019 இல் லான்செட் சைக்கியாட்ரி இதழில் வந்த ஐரோப்பிய ஆய்வில், நூற்றுக்குப் பத்துப் பங்கும் அதற்கு மேலும் டி.எச்.சி. உள்ள சரக்கைத் தினமும் பாவித்தவர்களுக்குச் சித்தப்பிரமை வரும் வாய்ப்பு, பாவிக்காதவர்களைவிட ஏறக்குறைய ஐந்து மடங்காக இருந்தது. குடும்பத்தில் யாருக்காவது அந்த நோய் இருந்தால் ஆபத்து இன்னும் கூடும். தாத்தா காலத்தில் சாமியார்கள் இழுத்தார்களே, அவர்களுக்கு ஒன்றும் ஆகவில்லையே என்பார்கள். அந்தக் காலத்து இலையும் இன்றைக்கு வீரியம் கூட்டி வளர்க்கும் பூவும் ஒன்றல்ல.

புகைத்தால் நாட்பட்ட இருமலும் சளியும் வரும். பாவித்துவிட்டு ஓட்டோ ஓட்டுவது அட்டன், மஸ்கெலியா பாதையின் வளைவுகளில் என்ன ஆகும் என்று நான் சொல்லத் தேவையில்லை. கர்ப்பிணிகள் பாவித்தால் பிள்ளை எடை குறைந்து பிறக்கிறது. 2016 ஆம் ஆண்டு நாடு தழுவிய சுகாதார அளவீட்டில், தோட்டப்புறத்தில் ஐந்து வயதுக்குக் குறைந்த பிள்ளைகளில் ஏறத்தாழ மூன்றில் ஒருவர் வயதுக்கேற்ற உயரம் இல்லாமல் இருந்தார்கள். ஏற்கெனவே இப்படி இருக்கும் இடத்தில் இன்னொரு பாரத்தை ஏற்ற முடியாது.

அதே நேர்மையோடு இதையும் சொல்ல வேண்டும். தூள் என்ற ஹெரோயின் அளவுக்கு மீறினால் மூச்சு நின்று போகும். கஞ்சா அப்படிக் கொல்வதில்லை. நம் லயங்களில் (தோட்டத்து வரிசை வீடுகளில்) உயிரையும் குடும்பத்தையும் அதிகம் அழித்தது சாராயமும் கசிப்பு என்ற கள்ளச் சாராயமும்தான், கஞ்சா அல்ல. ஒரு பொருளின் ஆபத்தைப் பேசும்போது பக்கத்தில் இருப்பதைக் கண்ணை மூடிக்கொண்டு பேசக் கூடாது.

## முன்னால் இருக்கும் வழிகள்

| வழி | பாவிப்பவர் பிடிபட்டால் | விற்பது யார் | எங்கே நடக்கிறது |
|---|---|---|---|
| முழுத் தடை | வழக்கு, தண்டம், சிறை | கள்ளச் சந்தை | இலங்கை (ஆயுர்வேத விலக்கோடு) |
| மருந்தாக மட்டும் | சீட்டு இல்லாவிட்டால் வழக்கு | வைத்தியர், மருந்தகம் | 2025 இலிருந்து தாய்லாந்து |
| சிறு அளவைக் குற்றமாக்காமை | ஆலோசனைக் குழு, சிகிச்சை | கள்ளச் சந்தை | 2001 இலிருந்து போர்த்துக்கல் |
| கடையில் விற்பனை | வயது, அளவு மீறினால் மட்டும் நடவடிக்கை | உரிமம் பெற்ற கடை | கனடா, உருகுவே |

ஏற்றுமதிக்கு மட்டும் வளர்ப்பது என்று ஐந்தாவது ஒன்றும் பேசப்படுகிறது. 2022 நவம்பரில் வாசிக்கப்பட்ட வரவுசெலவுத் திட்டத்தில் அது பற்றி ஆராய்வதாகச் சொன்னார்கள். 2025 இல் மீரிகமையில் வெளிநாட்டு முதலீட்டாளர்களுக்கு வழி திறந்தார்கள். அது டொலர் கணக்கு. நம் இரண்டு குடும்பங்களின் உடல்நலத்தையும் அது தொடாது என்பதால் இங்கே விட்டுவிடுகிறேன்.

## வழி 1: இப்போது உள்ளபடியே முழுத் தடை

நம் சட்டத்தின் வேர் 1929 ஆம் ஆண்டு நஞ்சு, அபின், அபாயகர ஒளடதங்கள் கட்டளைச் சட்டத்தில் இருக்கிறது. வைத்திருப்பது, வளர்ப்பது, விற்பது எல்லாமே குற்றம். 1961 ஆம் ஆண்டு ஆயுர்வேதச் சட்டம் மட்டும் பதிவுபெற்ற சுதேச வைத்தியர்கள் மருந்துக்காகப் பெற்றுக்கொள்ள ஒரு சின்னக் கதவைத் திறந்து வைத்திருக்கிறது.

தடையின் நன்மையைக் குறைத்துச் சொல்ல மாட்டேன். டவுனில் பெயர்ப்பலகை போட்டு விற்கவில்லை. விளம்பரம் இல்லை. நிறையப் பிள்ளைகள் "பிடித்துக்கொள்வார்கள்" என்ற ஒரே பயத்தில் தொடாமல் இருக்கிறார்கள். அதை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன்.

மறைந்திருக்கும் செலவுதான் பெரியது. சிறு அளவோடு பிடிபட்டால் பெரும்பாலும் நீதவான் தண்டப்பணம் விதித்து அனுப்பிவிடுவார். ஆனால் அந்த நாளுக்குள் அந்த வீட்டில் என்னென்ன நடக்கிறது! அப்பாவும் அம்மாவும் வேலைக்குப் போகவில்லை, இரண்டு பேர் போனது. தோட்டத்திலிருந்து டவுனுக்கு ஓட்டோ. பிணைக்கு ஆள் தேடுவது. சிங்களத்தில் எழுதிய வாக்குமூலத்தில், வாசிக்கத் தெரியாமலே கையெழுத்துப் போட்ட ஒரு பையனோடு நானே நீதிமன்ற வாசலில் நின்றிருக்கிறேன். அதில் என்ன எழுதியிருக்கிறது என்று அவனுக்கு யாரும் சொல்லவில்லை. குற்றத்தை ஒப்புக்கொண்டால் வேலை முடிந்துவிடும் என்றுதான் எல்லோரும் சொன்னார்கள். இரண்டு வருடம் கழித்து கட்டார் வேலைக்கு அறிக்கை எடுக்கப் போனபோதுதான் வேலை முடியவில்லை என்று தெரிந்தது.

கேள்வி நான்கில் தடை அறவே தோற்கிறது. 2023 டிசம்பரில் தொடங்கிய யுக்திய என்ற பொலிஸ் போதை ஒழிப்பு நடவடிக்கையில் ஆயிரக்கணக்கில் பிடித்தார்கள். ஐ.நா. மனித உரிமை நிபுணர்களே அதை நிறுத்தி மறுபரிசீலனை செய்யச் சொன்னார்கள். அந்த மாதங்களில் என்னைத் தேடி வரும் குடும்பங்கள் குறைந்தன. பாவனை குறைந்ததால் அல்ல, சொல்லப் பயந்ததால்.

நல்ல சரக்கா, கெட்ட சரக்கா என்று பார்க்க ஆளும் இல்லை. கடலால் வரும் கேரளக் கஞ்சாவில் என்ன கலந்திருக்கிறது என்று விற்பவனுக்கே தெரியாது. அதே ஆள் அதே பையில் ஐஸ் என்ற கடும் போதைப்பொருளையும் வைத்திருக்கிறான் என்பது இன்னும் மோசம்.

ஆனாலும் ஒன்று: மாற்றாக வைக்கும் ஏற்பாட்டை நடத்த ஆளும் பணமும் இல்லாத அரசு அவசரப்பட்டுக் கதவைத் திறப்பதைவிட, தடை இருப்பதே நல்லது.

## வழி 2: மருந்தாக மட்டும்

பண்டாரவளை அம்மாவுக்கு இதுவே பதில் போலத் தெரியும். ஓரளவுக்கு ஆம். 2020 டிசம்பரில் ஐ.நா. போதைப்பொருள் ஆணைக்குழு 27 க்கு 25 என்ற வாக்கில் கஞ்சாவை மிகக் கடுமையான அட்டவணையிலிருந்து எடுத்தது, அதன் மருத்துவப் பயனை ஏற்றுக்கொண்டு. சித்தத்திலும் ஆயுர்வேதத்திலும் பாலில் அவித்துச் சுத்தி செய்து அளவோடு சேர்க்கும் முறைகள் பழையவை. அந்த அறிவை மதிக்கிறேன்.

ஆனால் அந்தக் கதவால் என்ன நுழைந்தது என்றும் பார்க்க வேண்டும். மதன மோதகம் என்ற பெயரில், கஞ்சா சேர்த்த ஆயுர்வேத மருந்தாக, டவுன் கடைகளில் உருண்டை உருண்டையாக விற்றதை வாங்கிச் சாப்பிட்டது நோயாளிகளா? பாடசாலைப் பையில் அது அகப்பட்டபோது அந்த ஆசிரியர் என்னைத்தான் கூப்பிட்டார். தாய்லாந்துக்கும் அதுவே நடந்தது. 2022 ஜூனில் போதைப்பொருள் பட்டியலிலிருந்து எடுத்தார்கள். மருத்துவத்துக்கு என்றுதான் சொன்னார்கள், வீதிக்கு வீதி கடை முளைத்தது. மூன்று வருடம் கழித்து, 2025 ஜூனில், மருந்துச் சீட்டு கட்டாயம் என்று திரும்பி வரவேண்டியிருந்தது. "மருந்து" என்று எழுதிவிட்டு எழுதுபவரையும் கொடுப்பவரையும் கண்காணிக்காவிட்டால் அது நான்காவது வழியேதான், வேறு பெயரில்.

இன்னொரு மறைந்த செலவு விலை. எபிடியோலெக்ஸ் வந்தபோது அமெரிக்காவில் ஒருவருக்கு வருடத்துக்கு 32,500 டொலர் என்று விலை வைத்தார்கள். சட்டம் அனுமதித்தாலும் நம் அரச ஆஸ்பத்திரி அலமாரிக்கு அது வருமா? சட்டம் அனுமதித்த மோர்பின் என்ற வலி மருந்துக்காகவே ஒரு குடும்பம் மலையிலிருந்து கொழும்புப் பக்கம் இரவு பஸ்ஸில் போய் வந்ததை அறிவேன். புற்று வலிக்கு இன்று உடனே தேவைப்படுவது, ஏற்கெனவே இருக்கும் மருந்துகள் கிட்டத்து ஆஸ்பத்திரிக்கு ஒழுங்காக வருவது. கீமோ வாந்திக்கு ஒண்டான்செட்ரோன் போன்ற நல்ல மருந்துகள் இருக்கின்றன. கஞ்சா மாத்திரை உலகெங்கும் இவை கேட்காதபோது எடுக்கும் அடுத்த படிதான்.

வலிப்புப் பிள்ளைகள், மற்ற எதுவும் கேட்காத வலி நோயாளிகள், இவர்களுக்கு இந்த வழி வேண்டும். மஸ்கெலியாத் தம்பிக்கு இதில் ஒன்றுமில்லை.

## வழி 3: சிறு அளவைக் குற்றமாக்காமல் விடுவது

இதைச் சட்டபூர்வமாக்குவது என்று பலர் குழப்பிக்கொள்கிறார்கள். இரண்டும் வேறு. விற்பவன் குற்றவாளிதான். சொந்தப் பாவனைக்குச் சிறு அளவு வைத்திருப்பவர் மட்டும் நீதிமன்றத்துக்குப் போவதில்லை. போர்த்துக்கல் 2001 ஜூலையில் இதைத் தொடங்கியது, எல்லாப் போதைப்பொருளுக்கும். பத்து நாள் பாவனைக்குள் என்றால் பிடிபட்டவரை ஒரு சிறிய குழுவிடம் அனுப்புவார்கள். சட்டம் தெரிந்தவர், மருத்துவமோ உளவியலோ தெரிந்தவர், சமூக சேவையாளர் என்று மேசையைச் சுற்றி உட்கார்ந்து பேசுவார்கள். அடிமையாகிவிட்டாரா, சும்மா பாவிப்பவரா என்று பார்ப்பார்கள். தேவைப்பட்டால் சிகிச்சை, சில வேளை ஒரு சிறு அபராதம். நாடு போதையில் மூழ்கிவிடும் என்று பயந்தது நடக்கவில்லை. ஊசி போட்டுக்கொள்பவர்களிடையே எச்.ஐ.வி. தொற்று பெரிதாகக் குறைந்தது.

மஸ்கெலியாத் தம்பியை அந்த மேசையில் உட்கார வைத்துப் பார்க்கிறேன். தமிழில் பேசும் ஒருவர் எதிரே இருக்கிறார். பதிவேட்டில் கறை விழாது. அண்ணனுக்கு ஒரு நாள் பேர் மட்டும்தான் போகும். பொகவந்தலாவை அம்மா முந்தானை முடிச்சை டாக்டர் முன்னாலேயே அவிழ்த்திருப்பார்.

மறைந்த செலவு இங்கேயும் உண்டு. சரக்கு இன்னும் கள்ளச் சந்தையிலிருந்துதான் வரும், கலப்படமும் அப்படியே. எத்தனை கிராம்வரை என்று சட்டத்தில் தெளிவாக எழுதாவிட்டால் பிடிக்கிறவரின் மனநிலையே சட்டமாகிவிடும். எல்லாவற்றையும்விட, போர்த்துக்கல் சட்டத்தை மட்டும் மாற்றவில்லை, சிகிச்சைக்குப் பணம் போட்டது. சிகிச்சை இல்லாமல் வழக்கை மட்டும் எடுத்துவிட்டால் பையன் நீதிமன்றத்திலிருந்து விடுபட்டு, எங்கேயும் போகாமல், சரக்குக் கிடைக்கும் அதே பாலத்தடிக்குத்தான் திரும்புவான். 2007 ஆம் ஆண்டு 54 ஆம் இலக்கச் சட்டப்படி போதைக்கு அடிமையானவர்களுக்குச் சிகிச்சையும் புனர்வாழ்வும் தர நம்மிடமும் சட்டம் இருக்கிறது. ஆனால் கந்தக்காட்டுப் புனர்வாழ்வு முகாமுக்கு அனுப்பப்படுவதை எங்கள் பிள்ளைகள் சிகிச்சை என்று நினைப்பதில்லை, சிறை என்றுதான் சொல்கிறார்கள்.

## வழி 4: உரிமம் பெற்ற கடையில் விற்பது

2013 இல் உருகுவே சட்டம் செய்தது, 2018 ஒக்டோபரில் கனடா கடை திறந்தது. இதன் பக்கம் பலமான வாதங்கள் உண்டு. சரக்கைச் சோதிக்கிறார்கள், எத்தனை சதவீதம் டி.எச்.சி. என்று லேபிளில் எழுதுகிறார்கள், வழக்குகள் சரிகின்றன, வரி வருகிறது. டாக்டரிடம் சொல்லவும் பயமில்லை. என் நான்காவது கேள்வியில் இது நன்றாகத் தேறுகிறது. அதை மறைக்க மாட்டேன்.

இரண்டாவது கேள்வியில்தான் இடறுகிறது. கனடாவில் கஞ்சா கலந்த மிட்டாய், சொக்லேட் விற்பனை வந்த மாகாணங்களில், தெரியாமல் தின்று ஆஸ்பத்திரியில் சேர்க்கப்பட்ட சின்னப் பிள்ளைகளின் தொகை, அவற்றை அனுமதிக்காத கியூபெக்கைவிட வெகுவாகக் கூடியது. லயத்து அறையில் பத்துக்குப் பன்னிரண்டு அடிக்குள் ஆறு பேர் இருக்கிறார்கள். பெரியவர் வாங்கி வந்த மிட்டாயைப் பூட்டி வைக்க அங்கே எந்த அலமாரி இருக்கிறது?

கள்ளச் சந்தை ஒழியும் என்ற வாதத்துக்கு நம்மிடமே பாடம் இருக்கிறது. சாராயம் சட்டப்படி விற்கப்படுகிறது. தோட்டத்து டவுன் எதுவானாலும் பார் இருக்கிறது. அதற்காகக் கசிப்பு ஒழிந்ததா? போத்தல் விலையில் பெரும்பங்கு வரி. அந்த விலை கட்டாதவன் ஆற்றங்கரைக்குப் போகிறான். வரியைக் குறைத்தால் குடி கூடுகிறது, கூட்டினால் கசிப்பு கூடுகிறது. கஞ்சாவுக்கு மட்டும் வேறு கணக்கு நடக்கும் என்று நான் நம்பவில்லை. கனடாவிலும் கள்ளச் சந்தை சுருங்கியது, தீரவில்லை.

இன்னொன்று: விற்கும் உரிமை வந்துவிட்டால் விற்பனையைக் கூட்டுவதே தொழிலாகிவிடும். தினமும் பாவிப்பவர்தான் எந்தக் கடைக்கும் நல்ல வாடிக்கையாளர். உருகுவே இதை உணர்ந்து விளம்பரத்தைத் தடை செய்து, பதிவு செய்தவருக்கு மட்டும் மருந்தகத்தில் அளந்து கொடுக்கிறது. அப்படி இறுக்கமாக நடத்தும் நிர்வாகம் இருக்கிற நாட்டுக்கு நான்காவது வழி பொருந்தலாம். இருபத்தொரு வயதுக்குக் குறைந்தவருக்கு சிகரட் விற்கக் கூடாது என்று 2006 இலேயே சட்டம் செய்த நம் நாட்டில், பாடசாலைச் சந்தியில் ஒற்றைச் சிகரட் வாங்க முடிகிறது.

## என் முடிவு

என் தெரிவு மூன்றாவது வழியும் இரண்டாவதின் இறுக்கமான ஒரு பகுதியும் சேர்ந்தது. ஆனால் வரிசை முக்கியம். முதலில் தோட்டத்திலிருந்து ஒரே பஸ்ஸில் போய் வரக்கூடிய தூரத்தில், தமிழில் பேசக்கூடிய ஒருவர் இருக்கும் மனநலக் கிளினிக். அதற்குப் பிறகு சிறு அளவுக்கு வழக்கில்லை என்ற சட்டம். வரிசை மாறினால் நான் ஆதரிக்க மாட்டேன். நான்காவது வழி இன்றைக்கு வேண்டாம்.

சட்டம் மாறும்வரை நம் இரு குடும்பங்களும் காத்திருக்க முடியாது. பண்டாரவளைச் சகோதரருக்கு: அம்மாவின் வாந்தி எத்தனை தரம், எத்தனை மணிக்கு என்று மூன்று நாள் ஒரு தாளில் குறித்துக்கொண்டு போய் புற்றுநோய்க் கிளினிக்கில் காட்டுங்கள், மருந்தை மாற்றிக் கேளுங்கள். நாட்டு மருந்தாகவோ எண்ணெயாகவோ ஏற்கெனவே எதையாவது கொடுத்திருந்தால் அதையும் சொல்லுங்கள், கீமோ மருந்தோடு மோதக்கூடும்.

மஸ்கெலியா அண்ணனுக்கு: தம்பி தூக்கத்தை விட்டுவிட்டானா, தனியாகப் பேசுகிறானா, யாரோ தன்னைப் பார்க்கிறார்கள் என்கிறானா என்று கவனியுங்கள். அப்படியென்றால் நாள் கடத்தாதீர்கள், அன்றைக்கே ஆஸ்பத்திரிக்கு. அப்படி இல்லாவிட்டால் 1927 என்ற தொலைபேசி இலக்கத்தில் அபாயகர ஒளடதங்கள் கட்டுப்பாட்டுச் சபையோடு பேசலாம், மனநிலை பற்றி 1926 என்ற இலக்கத்தில் பேசலாம். டாக்டர் கேட்கும்போது எவ்வளவு, எத்தனை மாதமாக, கடைசியாக எப்போது என்று உள்ளதை உள்ளபடி சொல்லுங்கள். அவர் அங்கே உட்கார்ந்திருப்பது யாரையும் பிடித்துக் கொடுக்க அல்ல.

பொகவந்தலாவைப் பையன் இப்போது மாதம் ஒரு ஊசிக்கு வருகிறான். போன தடவை அம்மா வரவில்லை, அவனே தனியாக வந்து வரிசையில் நின்றான். டாக்டர் வழக்கமான கேள்வியைக் கேட்டார். "போன மாசம் ரெண்டு தடவ இழுத்தேன், சார்" என்றான். டாக்டர் அதைக் கிளினிக் கொப்பியில் எழுதிக்கொண்டு, மருந்தின் அளவைப் பற்றிப் பேசத் தொடங்கினார்.